படிக்கப் போன இடத்துல

சரியாச் சொன்னீங்க சார். படிக்கப் போன இடத்துல அரசியல் எதுக்கு. நானும் அதையேதான் சொல்லிக்கிட்டிருந்தேன், ஆயுசு பூரா. நீங்க போன்ல ஏதோ காலேஜ் தகராறைப் பாத்துட்டு உங்களுக்குள்ள சொல்லிக்கிட்டீங்க, என்கிட்டச் சொல்லலைன்னு தெரியும். ட்ரெயின்ல எதுக்க உக்காந்திருக்கேன்ல, காதுல விழுந்துருச்சு. தப்பா எடுத்துக்கிடாதீங்க.

எனக்குக் கோவில்பட்டி. தங்கமாரியப்பன்னு பேரு. நகராட்சியில பில் கலெக்டரா இருந்து ரிட்டையர்டு ஆனவன். வம்பு தும்புக்குப் போகாத ஆளு. எங்க ஆபீஸ்ல சங்கம் உண்டு, ஸ்ட்ரைக் வரும். ஸ்ட்ரைக் வந்தா எனக்குக் காய்ச்சல் வந்துரும். ரெண்டு பக்கத்துக்கும் பகையில்லாம மெடிக்கல் லீவு. ‘மாரியப்பனுக்குக் காய்ச்சலா, அப்ப நாளைக்கு ஸ்ட்ரைக்’னு கேலி பேசுவாங்க. பேசிட்டுப் போகட்டுமே. கடைசி வரைக்கும் என் பேர்ல ஒரு மெமோ கிடையாது. அப்படித்தான் சார் பிழைக்கணும்.

என் பையனையும் அப்படித்தான் வளத்தேன். நவநீதன். ஒரே பையன். மண்ணைப் பத்திப் படிச்சான். எங்க ஊர் கரிசல் இருக்குல்ல, அது கோடையில ஏன் பாளம் பாளமா வெடிக்குது, மழை பேஞ்சா ஏன் மூடிக்கிடுதுன்னு ஆராய்ச்சி. அதுக்குத்தான் வடக்க அவ்வளவு தூரம் போனான். ஒவ்வொரு லீவுக்கும் வந்துட்டுத் திரும்பும்போது ஒரு சாக்குல நம்ம மண்ணை அள்ளிக்கிட்டுப் போவான். ‘ஏன்யா, அங்கெல்லாம் மண்ணே கிடையாதா’ன்னு அவங்க அம்மா கேப்பா. ‘அந்த மண்ணு பேசாதும்மா’ம்பான். கிறுக்கன்.

அவனுக்கு அரசியல் கிடையாது சார். அதை முதல்லயே சொல்லிடுறேன். பள்ளிக்கூடத்துல படிக்கும்போது ஒரு தடவ ஹெட்மாஸ்டர் ரூம் வாசல்ல போய் உக்காந்துட்டான், தனியா. அவன் கிளாஸ்ல ஒரு பையன் செருப்பு இல்லாம வந்தான்னு வெளிய நிறுத்தி வச்சிருந்தாங்களாம். அவனை உள்ள விடுற வரைக்கும் எந்திரிக்க மாட்டேன்னு இவன் உக்காந்திருக்கான். எனக்கு ஆள் விட்டாங்க. நான் போய்க் காதைப் பிடிச்சுத் தூக்கி, ஹெட்மாஸ்டர்கிட்ட மன்னிப்புக் கேக்க வச்சு, வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தேன். அது சின்னப்பிள்ளைத்தனம், அதைப் போய் அரசியல்னு சொல்ல முடியாதுல்ல. அந்தப் பையனை மறுநாள் உள்ள விட்டுட்டாங்க. அது வேற விஷயம்.

டீ சாப்பிடுதீங்களா? இந்தாப்பா, ரெண்டு.

அங்க என்ன ஆச்சுன்னா, ஹாஸ்டல் மெஸ்ல சமைக்கிற ஆளுகளை ஒரே நாள்ல நிறுத்திட்டாங்களாம். கான்ட்ராக்ட் வேற ஆளுக்கு மாறுதுன்னு. ரொம்ப வருசமா அங்கேயே கிடந்தவங்க. பையன்களும் பிள்ளைகளும் நிர்வாக ஆபீஸ் படியில உக்காந்துட்டாங்க. இன்னொரு கோஷ்டி இருக்கு, நிர்வாகத்துக்கு வேண்டியவங்க. அவங்க எந்திரிச்சுப் போங்கன்னு மிரட்டிக்கிட்டு இருந்திருக்காங்க. எந்தக் கட்சி, எந்தக் கொடின்னு நான் சொல்ல வரல. எனக்கு அதுல இஷ்டமில்ல.

போன்ல கேட்டேன். ‘நீ அங்க போறியா?’

‘சாயங்காலம் லேப் முடிஞ்சா அந்தப் பக்கம் போவேன்ப்பா. ஒண்ணும் பண்ணல. சும்மா உக்காந்திருக்கோம்.’

‘எல்லாரும் உக்காந்தா நீ எந்திரி.’

சிரிச்சான். ‘சரிப்பா’ன்னான். அவன் எதுக்கும் முடியாதுன்னு சொன்னதில்ல, எப்பவும் சரிப்பாதான். அவங்க அம்மாகிட்ட மட்டும், ‘அந்த மெஸ் ஆளுங்கதாம்மா எனக்குக் காய்ச்சல் வந்தப்ப ரூமுக்குக் கஞ்சி கொண்டாந்து குடுத்தாங்க’ன்னானாம். அதை அவ என்கிட்ட அப்புறந்தான் சொன்னா.

ஒரு வாரம் போயிருக்கும். அவன் கூட்டாளி சுஜித்னு, பாலக்காட்டுப் பையன், தமிழ் பேசுவான். அவன்தான் போன் பண்ணுனான். ‘அங்கிள், நவநீதனுக்கு அடி பட்டிருக்கு. ஆஸ்பத்திரியில சேத்திருக்கோம். நீங்க வரணும்.’ எப்படி இருக்கான்னு கேட்டேன். ‘நீங்க வரணும் அங்கிள்’னு மட்டும் திரும்பச் சொன்னான். எனக்கு அப்பவே தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சாலும் மனசு, காலு கீலு ஒடிஞ்சிருக்கும், ஒரு மாசம் வீட்ல போட்டு வச்சுப் பாத்துக்கிடலாம்னு கணக்குப் போடுது பாருங்க.

வடிவுகிட்ட, எங்க வீட்ல அவ பேரு சண்முகவடிவு, அவகிட்ட டைபாய்டுன்னு சொல்லிட்டு, மச்சினனைக் கூட்டிக்கிட்டு ஏரோப்பிளேன்ல போனேன். முதல் தடவ. போய்ச் சேந்தப்ப மிஷினு மூச்சு விட்டுக்கிட்டு இருந்துச்சு. தலை பூரா கட்டு. மூஞ்சி மட்டும் நல்லாத்தான் இருந்துச்சு சார். கையைப் பிடிச்சுப் பாத்தேன், நகத்துக்கு இடையில கருப்பா இருந்துச்சு. ரத்தமோன்னு பயந்துபோனேன். மண்ணு. நம்ம ஊரு மண்ணு. லேப்ல இருந்து கை கழுவாமப் போயிருக்கான்.

மறுநாள் மத்தியானம் போயிட்டான்.

பல்கலைக்கழகத்துல இருந்து ஒரு பெரிய அதிகாரி வந்தாரு. நல்ல மனுசன் மாதிரித்தான் பேசினாரு, இங்கிலீஷ்ல. ‘ரெண்டு கோஷ்டிக்கும் தள்ளுமுள்ளு. உங்க மகன் ஓடும்போது படியில தவறி விழுந்துட்டான். துரதிர்ஷ்டம்.’ நான் தலையை ஆட்டிக்கிட்டேன். அந்த நேரத்துல என்ன கேக்க முடியும். பிள்ளையை வீடு கொண்டு போய்ச் சேக்கணும், அவ்வளவுதான் எனக்கு.

வெளிய பாத்தா, ஆஸ்பத்திரி வாசல்ல ஒரே கூட்டம். எல்லாம் அவன் வயசுப் பிள்ளைங்க. சுஜித் வந்து, ‘அங்கிள், ஒரு மணி நேரம் காம்பஸுக்குள்ள வச்சிருந்துட்டு அனுப்புறோம். எல்லாரும் ஒரு தடவ பாத்துக்கிடுவாங்க’ன்னான். எனக்கு எங்கிருந்து வந்துச்சோ கோவம். ‘எம் பிள்ளையை வச்சு அரசியல் பண்ணாதீங்க’ன்னு கத்திட்டேன். தமிழ்ல. அந்தக் கூட்டத்துல தமிழ் தெரிஞ்சவன் சுஜித் ஒருத்தன்தான். அவன் மத்தவங்களுக்கு ஒண்ணும் மொழிபெயர்க்கல. போய் மெதுவா ஏதோ சொன்னான். அம்புட்டுப் பேரும் ரெண்டு பக்கமா ஒதுங்கி வழி விட்டாங்க. ஒரு கோஷம் போடல. வண்டி போறப்ப ஒரு பொம்பளைப் பிள்ளை மட்டும் கண்ணாடியில கையை வச்சு, கொஞ்ச தூரம் கூடவே வந்துச்சு. அப்புறம் நின்னுருச்சு.

ஊர்ல கொண்டுவந்து காரியத்தை முடிச்சோம். உள்ளூர்க் கட்சிக்காரங்க ரெண்டு மூணு பேரு மாலையும் கொடியுமா வந்தாங்க. மாலையை மட்டும் வாங்கிக்கிட்டேன்.

அதோட விட்டிருப்பேன் சார். சத்தியமா. விதின்னு விட்டிருப்பேன்.

கொஞ்ச மாசம் கழிச்சுச் சுஜித் போன் பண்ணுனான். போலீஸ் கேஸ் போட்டிருக்கு, யார் மேலன்னா, உக்காந்திருந்த பிள்ளைங்க மேல. கலவரம் பண்ணுனாங்கன்னு. அடிச்சவங்க யாருன்னா ‘அடையாளம் தெரியாத ஆட்கள்’. அந்தக் கலவரக்காரங்க பேர்ல எம் பையன் பேரும் இருக்கு. ‘கல்லெறிஞ்சுட்டுத் தப்பி ஓடுகையில் விழுந்தவன்’னு. செத்தவன் சார். செத்தவனைக் குற்றவாளியாப் போட்டிருக்கான்.

எனக்கு ஒரு மெமோ கிடையாதுன்னு சொன்னேன்ல. எம் பிள்ளைக்குக் கேஸு.

போனேன். அதுதான் முதல் தடவ இந்த ட்ரெயின்ல. ஒரு வக்கீலம்மாவைச் சுஜித் பிடிச்சுக் குடுத்தான். கெட்டிக்காரம்மா. அது ரெண்டு வழி சொல்லுச்சு. ஒண்ணு, உங்க மகனுக்கும் அந்தப் போராட்டத்துக்கும் சம்பந்தமே இல்ல, அந்த வழியா நடந்து போனான், நெரிசல்ல விழுந்தான்னு மனுப் போட்டா, பேரை எடுத்துருவாங்க, சீக்கிரம் முடிஞ்சுரும். இன்னொண்ணு, அடிச்சுத்தான் செத்தான்னு நிக்கிறது. அதுக்குப் பாத்தவங்க வேணும். பாத்தவங்க சொல்லப் பயப்படுறாங்க. வருசக்கணக்காகும்.

நான் முதல் வழிக்கே சரின்னுட்டேன். உண்மையும் அதுதானே. அவனுக்குச் சம்பந்தமில்லையே.

மனு போடுறதுக்கு முன்னால ஒரு நா, கோவில்பட்டியில எங்க வீட்டு வாசல்ல ஆட்டோ வந்து நிக்குது. சுஜித் இறங்குறான். கூட ஒரு பிள்ளை. பாத்தவுடனே தெரிஞ்சுக்கிட்டேன், வண்டிக் கண்ணாடியில கை வச்சிருந்துச்சே, அந்தப் பிள்ளை. மௌசுமின்னு பேரு. கல்கத்தாப் பக்கம். எம் பையனுக்கும் அதுக்கும் என்ன பழக்கம்னு நான் கேட்டுக்கிடல. ஒரே டிபார்ட்மெண்டா இருக்கும். எங்க வீட்டு அடுப்படி எங்க இருக்கு, கோழிக்கூடு எங்க இருக்கு, எல்லாம் அந்தப் பிள்ளைக்குத் தெரிஞ்சிருந்துச்சு. அவன் எல்லார்கிட்டயும் ஊர்க்கதை பேசுவான், அதுதான்.

அந்தப் பிள்ளை வடிவுக்கு எதுக்கத் தரையில உக்காந்து சொல்லுச்சு. சுஜித் தமிழ்ல மாத்திச் சொன்னான்.

விளக்கு வைக்கிற நேரமாம். மூஞ்சியில துணி கட்டிக்கிட்டு, கம்பியும் கட்டையுமா ஆளுக வந்திருக்காங்க. பாதிப் பேரு வெளியாளுக. படியில இருந்தவங்க சிதறி ஓட, பொம்பளைப் பிள்ளைங்க கொஞ்சப் பேரு பக்கத்துல ஒரு வாசிப்பு ஹாலுக்குள்ள ஓடிருக்காங்க. ரெட்டைக் கதவு. உள்ள தாப்பாள் கிடையாது. இவன் அப்பத்தான் லேப்ல இருந்து வந்திருக்கான். ‘உள்ள வா’ன்னு இந்தப் பிள்ளை கூப்பிட்டிருக்கு. ‘மேசையை இழுத்துப் போடுங்க, அதுவரைக்கும் நான் பிடிச்சுக்கிடுறேன்’னு வெளிய நின்னு ரெண்டு கைப்பிடியையும் பின்னால கையால பிடிச்சுக்கிட்டு, முதுகைக் கதவுக்குக் குடுத்து நின்னானாம்.

வடிவு கேட்டா, ‘அவன் ஏதாச்சும் சொன்னானா?’

அந்தப் பிள்ளை சொல்லுச்சு. ‘உள்ள பொம்பளைப் பிள்ளைங்க இருக்காங்க, போயிருங்க’ன்னு ஹிந்தியில சொன்னானாம். அவனுக்கு ஹிந்தி சரியா வராது. ஆம்பளை பொம்பளையை மாத்திச் சொல்லிட்டானாம், பொம்பளைப் பிள்ளைங்க இருக்கானுகங்கிற மாதிரி. அதைக் கேட்டு அவங்க சிரிச்சாங்களாம். சிரிப்புச் சத்தம் உள்ள வரைக்கும் கேட்டுச்சாம். ‘சிரிக்கிறாங்களே, விட்டுட்டுப் போயிருவாங்கன்னு நாங்க நினைச்சோம் அம்மா’ன்னுச்சு. அதுக்கப்புறந்தான் அடி விழுந்த சத்தம். கதவு ரெண்டு மூணு தடவ அதிர்ந்துச்சாம். அதுக்குள்ள மேசையை இழுத்துப் போட்டுட்டாங்க. அவன் கையை எடுக்கலையாம்.

வடிவு அழுவான்னு நினைச்சேன். அழல. அந்தப் பிள்ளையோட கையைப் பிடிச்சுக்கிட்டு, ‘சாப்டியாம்மா’ன்னா. தோசை ஊத்திப் போட்டா. அந்தப் பிள்ளை சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் பக்கத்துலயே இருந்தா. அவங்க ரெண்டு பேரும் போனப்புறம் என்கிட்ட வந்தா.

‘ஏங்க, ஓடும்போது விழுந்தான்னு எழுதி வச்சிருக்காங்கள்ல?’

‘ஆமா.’

‘அவன் ஓடல. அதை மாத்தச் சொல்லுங்க.’

‘வடிவு, சம்பந்தமில்லைன்னு சொன்னா சீக்கிரம் முடிஞ்சுருமாம்.’

‘எதுக்குச் சீக்கிரம்? நமக்கு வேற என்ன சோலி கிடக்கு?’

அவ சொல்றதும் நியாயம்தான். அந்த மனு போடல. அடிச்சுத்தான் செத்தான்னு ரெண்டாவது வழிக்கே போனோம். அந்தப் பிள்ளை மௌசுமி சாட்சி சொல்லச் சம்மதிச்சுச்சு. அது சொன்னதைப் பாத்துட்டு இன்னும் ரெண்டு பிள்ளைங்க வந்தாங்க. அதுல ஒரு பிள்ளைக்குக் கல்யாணம் நின்னுபோச்சு இந்தக் கோர்ட்டு விஷயத்தால. நல்ல பிள்ளைங்க சார், எல்லாம் நல்லாப் படிக்கிற பிள்ளைங்க. அரசியல்ல மாட்டிக்கிட்டாங்க.

என்னையும் கூண்டுல ஏத்துனாங்க. சுஜித் பக்கத்துல நின்னு மொழிபெயர்த்தான். வக்கீலம்மா படிச்சுப் படிச்சுச் சொல்லியிருந்துச்சு: ‘போராட்டம் நடத்துன அந்த மாணவர் அமைப்புல உங்க மகன் உறுப்பினரான்னு கேப்பாங்க. தெரியாதுன்னு சொல்லுங்க. அது ஒண்ணு போதும்.’ நானும் சரின்னுட்டுத்தான் ஏறுனேன். எதிர்த்தரப்பு வக்கீல் எந்திரிச்சாரு. வயசானவரு, நல்ல குரலு. எனக்கு ஹிந்தி தெரியாது, ஆனா அந்தக் குரல்ல கேக்குற தொனி தெரியும்ல. நகராட்சியில இருந்தவன் நான். திருட்டுக் குழாய் போட்டவன்கிட்ட நாங்க கேப்போம், ‘இது உன் கனெக்சன்தானா’ன்னு. அந்தத் தொனி. உங்க மகன் அதுல உண்டான்னு கேக்குறாரு.

‘ஆமா’ன்னுட்டேன்.

சுஜித் மொழிபெயர்க்காம என் மூஞ்சியவே பாத்தான். ‘சொல்லு தம்பி, ஆமான்னு சொல்லு’ன்னேன்.

வெளிய வந்ததும் வக்கீலம்மாவுக்கு என்னைய அடிக்காத குறை. ஏன் சொன்னேன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியல. அவன்தான் அதுல கிடையாதே. சுஜித்கிட்டயே கேட்டேன், ஒரு மரத்தடியில உக்காந்து. ‘தம்பி, நான் பொய் சொல்லிட்டனோ?’

அவன் செருப்பைப் பாத்துக்கிட்டே சொன்னான். ‘அவன் மெம்பர் இல்ல அங்கிள். நாங்க எத்தனையோ தடவ கூப்பிட்டோம். எங்களோட எல்லாத்துக்கும் வருவான், பேரு மட்டும் குடுக்க மாட்டான். எங்க அப்பாவுக்குத் தெரிஞ்சா வருத்தப்படுவாரும்பான்.’

பாத்தீங்களா சார். நான்தான் சொன்னேனே, அவனுக்கு அரசியல் கிடையாதுன்னு. எம் பேச்சைக் கேட்டிருக்கான்.

கண்ணுல தூசி. அந்த ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி விடுங்க.

அப்புறம் என்ன. பிள்ளைங்க சாட்சியைக் கேட்டுட்டு ஜட்ஜு, இது விழுந்து செத்ததில்ல, கொலையாத்தான் விசாரிக்கணும்னு உத்தரவு போட்டாரு. அன்னைக்கு வடிவுக்கு போன் பண்ணி, ‘ஓடலைன்னு ஒத்துக்கிட்டாங்க’ன்னேன். அப்பத்தான் அவ அழுதா. பெத்தவளுக்கு அழ அம்புட்டு நாளாச்சு. அடிச்சவங்கள்ல ரெண்டு பேரைப் பிடிச்சாங்க. ஜாமீன்ல வெளிய இருக்காங்க. ஒருத்தனுக்குக் கல்யாணம் ஆகி, பிள்ளையும் பிறந்திருச்சு. கோர்ட்டு வராந்தாவுல எனக்கு எதுக்கத்தான் உக்காருவான். சின்னப் பையன்தான், எம் பிள்ளை வயசுதான். ஒரு தடவ என்னைப் பாத்து எந்திரிச்சு நின்னான். என்ன நினைச்சானோ, திரும்ப உக்காந்துட்டான். அந்த ஜட்ஜை மாத்திட்டாங்க. வேற ஒருத்தரு வந்தாரு, அவரையும் மாத்திட்டாங்க. நடந்துக்கிட்டிருக்கு.

எனக்கு இப்பவும் அரசியல் கிடையாது சார். அவன் செத்த நாளைக்கு வருசா வருசம் போறேன். அந்தக் காம்பஸ் கேட்டுல பிள்ளைங்க கூடுவாங்க. நான் அவன் போட்டோவை வச்சுக்கிட்டு நிப்பேன். சும்மாதான் நிப்பேன். பக்கத்துல கோஷம் போடுவாங்க, அது அவங்க இஷ்டம். எல்லாரும் கையைத் தூக்கும்போது நாம மட்டும் தூக்காம நின்னா நல்லாருக்காதுல்ல, அதுக்காகத் தூக்குவேன். போன வருசம் கேட்டை விட்டுத் தள்ளிப் போங்கன்னு போலீஸ் சொன்னாங்க. எல்லாரும் உக்காந்துட்டாங்க. எனக்கு மூட்டுவலி, நிக்க முடியல, நானும் உக்காந்துட்டேன். வேன்ல தூக்கிப் போட்டுக்கிட்டுப் போயி சாயங்காலம் விட்டாங்க. அந்த மெஸ் ஆளுங்க கேஸும் தனியா ஓடுது. அங்கயும் என்னைய வந்து உக்காரச் சொல்வாங்க. அவங்களுக்கு நம்ம பாஷை தெரியாது, எனக்கு அவங்க பாஷை தெரியாது. இருந்தாலும் ஒரு பெரிய மனுசன் பக்கத்துல இருந்தா ஒரு தைரியந்தானே. இதெல்லாம் அரசியல்ல சேருமா? சேராது. கோவில்பட்டியில சங்கத்துக்காரங்க இப்ப என்னைக் கூட்டத்துக்குப் பேசக் கூப்பிடுறாங்க. முதல்ல மாட்டேன்னேன். அடுத்த மாசம் போறேன். பேசப் போகல. என்ன நடந்துச்சுன்னு சொல்லத்தான்.

இப்ப எதுக்குப் போறேன்னா, நாளைக்கழிச்சு வாய்தா.

அந்தக் கலவரக் கேஸு இருக்குல்ல, பிள்ளைங்க மேல போட்டது. அது இன்னும் முடியல. அதுல இவன் பேரு அப்படியே கிடக்கு. செத்துட்டான்னு போலீஸ்காரன் கோர்ட்டுக்கு முறையா எழுதிக் குடுக்கணுமாம், குடுக்கல. அதனால ஒவ்வொரு வாய்தாவுக்கும் கோர்ட்டுச் சேவகன், டவாலி, வராந்தாவுக்கு வந்து, ஒவ்வொரு பேராக் கூப்பிடுவான். பிள்ளைங்க ஒவ்வொண்ணா ஆஜர்னு உள்ள போகும். நடுவுல இவன் பேரும் வரும். அவன் வாயில அது நுழையாது. ‘நவ்நீத்தன், நவ்நீத்தன், நவ்நீத்தன்’ம்பான், மூணு தடவ. முதல் தடவ கேட்டப்ப என் உயிரே போயிருச்சு. வக்கீலம்மாவுக்குக் கோவம். ‘நான் மனு போட்டு அந்தப் பேரை நீக்கிடுறேன், நீங்க இதையெல்லாம் கேக்க வேண்டாம்’னுச்சு. எழுதியும் வச்சிருச்சு, என் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

நான் போடல.

வீட்ல அவன் பேரைச் சொல்லி யாரும் கூப்பிடுறதில்ல. நானும் வடிவும் ‘அவன்’னுதான் பேசிக்கிடுவோம். தெருவுல யாருக்கும் அந்தப் பேரு இல்ல. வேற எங்க சார் கேக்க முடியும்?

அதனால இப்ப அந்த டவாலி கூப்பிட்டா நான் எந்திரிச்சுக்கிடுவேன். வேட்டியைச் சரி பண்ணிக்கிட்டு, அந்தப் பிள்ளைங்க வரிசையில போய் நிப்பேன். டவாலிக்கும் பழகிருச்சு. என்னைப் பாத்துத் தலையை ஆட்டிட்டு அடுத்த பேரைக் கூப்பிடுவான்.

வெளிய வந்ததும் வடிவு போன் பண்ணுவா. கேஸ் என்னாச்சு, ஜட்ஜு என்ன சொன்னாருன்னெல்லாம் கேக்க மாட்டா.

‘இன்னைக்குக் கூப்பிட்டாங்களா?’ம்பா.

‘கூப்பிட்டாங்க’ம்பேன்.